உடலின் பெயர்கள்

மடியில் இருக்கும் குழந்தைக்கு உடலைக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு ஒன்று தமிழ் வீடுகளில் உண்டு. கண் எங்கே, மூக்கு எங்கே, காது எங்கே என்று அம்மாவோ அம்மம்மாவோ கேட்க, குழந்தை விரலால் தொட்டுக் காட்டும். வாய், கழுத்து, வயிறு, தொப்புள் என்று இறங்கிவரும் அந்தக் கேள்வி தொப்புளிலிருந்து நேரே முழங்காலுக்குத் தாவிவிடும். இடையில் இருப்பதைக் குழந்தை தானாகத் தொட்டுவிட்டால் ‘சீ’ என்றோ ‘ஷேம் ஷேம்’ என்றோ ஒரு சத்தம் வரும்; பெயர் வராது. மூன்று வயதுக்குள் குழந்தை இரண்டு பாடங்களைக் கற்றுவிடுகிறது. தன் உடலில் பெயரில்லாத ஓர் இடம் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. வீட்டில் இது பழக்கம். இதையே ஒரு கொள்கையாக்கி, வேதத்தின் பெயரால் காவல் வைத்து, ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் விதியாக்க முனைந்தால் அது அடிப்படைவாதம். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஒருவர் கடவுளை வணங்குவதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. கிறிஸ்தவ அடிப்படைவாதம் ரொறன்ரோவில் ஒரு நூற்றாண்டாகக் கல்வியோடும் பாலியலோடும் நடத்திவரும் சண்டையில்தான் என் வழக்கு. உடல் எங்கிருந்து வந்தது என்று உயிரியல் சொல்லக் கூடாது. உடல் என்ன என்று பாலியல் கல்வி சொல்லக் கூடாது. இவை இரண்டு எதிர்ப்புகள்போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: மனிதர் தம் உடலைத் தாமே, யாருடைய அனுமதியும் இல்லாமல், அறிந்துகொள்வார்களோ என்ற அச்சம்.

அடிப்படைவாதம் என்ற சொல் நமக்குத் தொலைதூரத்துச் சொல்லாகத் தோன்றலாம். 1910க்கும் 1915க்கும் இடையில் அமெரிக்காவில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘அடிப்படைகள்’ என்ற கட்டுரை வரிசையிலிருந்து அது பிறந்தது. ரொறன்ரோ அதன் தலைநகரங்களில் ஒன்றாக இருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். ஜார்விஸ் வீதி பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகராக 1910 முதல் 1955 வரை இருந்த டி. டி. ஷீல்ட்ஸ், வட அமெரிக்க அடிப்படைவாதத்தின் முதன்மைக் குரல்களில் ஒருவர். அவருடைய பெரும்போர் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு நடந்தது. அப்போது அது பாப்டிஸ்டுகளின் பல்கலைக்கழகம். இந்நகரின் புளோர் வீதியில் இருந்தது. விவிலியத்தை நவீன ஆய்வுமுறையோடு வாசிக்கத் தயங்காத எல். எச். மார்ஷல் 1925இல் அங்கே பேராசிரியராக நியமிக்கப்பட்டதும் ஷீல்ட்ஸ் போர் தொடுத்தார். மார்ஷல் நாத்திகர் அல்லர். நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர், போதகர். அதுவும் போதவில்லை. இறுதியில் பாப்டிஸ்ட் பேரவை ஷீல்ட்ஸைத்தான் விலக்கியது. 1927இல் அவரும் தோழர்களும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்த டிமோய்ன் பல்கலைக்கழகத்தைக் கையிலெடுத்து, ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே விசுவாச அறிக்கையை ஏற்கவேண்டும் என்றார்கள். இரண்டே ஆண்டுகளில், 1929இல், மாணவர் கலவரத்துக்குப் பின் அந்தப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. கேள்வி கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு பல்கலைக்கழகத்தை நடத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மக்மாஸ்டர் 1930இல் ஹமில்டனுக்குப் போய்விட்டது. அதன் பழைய சிவப்புக் கட்டடம் இன்று இசைக் கல்லூரி. சில அடிகள் தள்ளி ஒன்ராறியோ அரச அருங்காட்சியகம் நிற்கிறது. அதன் கூடத்தில் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முந்திய பரோசோரஸின் எலும்புக்கூடு, பள்ளிப்பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க நிறுத்தப்பட்டிருக்கிறது. உலகின் வயது ஆறாயிரம் என்று சொல்பவர்கள் அந்த எலும்புகளின் முன் பிள்ளைகளை நிற்கவிட அஞ்சுவது இயல்பே.

அந்தச் சண்டை முடிந்துபோன பழங்கதை என்று எண்ணுவதற்கில்லை. 2007இல் ஒன்ராறியோத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் ஜோன் ரோரி, மதப் பள்ளிகளுக்கும் அரசு நிதி வழங்கப்படும் என்று வாக்குறுதி அளித்தார். அந்தப் பள்ளிகளில் படைப்புவாதம் கற்பிக்கப்படலாமா என்ற கேள்விக்கு, மற்றக் கோட்பாடுகளோடு அதையும் பேசலாம் என்ற வகையில் பதில் சொன்னார். ‘பரிணாமமும் ஒரு கோட்பாடுதானே’ என்ற வாதம் அன்று பரவலாகப் பேசப்பட்டது. அறிவியலில் கோட்பாடு என்பது ஊகம் அல்ல. சான்றுகளால் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டு நிற்கும் விளக்கம். புவியீர்ப்பும் கோட்பாடுதான், அதை நம்பாதவரும் மாடியிலிருந்து காலை வெளியே வைப்பதில்லை. வாக்காளர்கள் அந்த யோசனையை நிராகரித்தார்கள். ரோரி தான் போட்டியிட்ட டொன்வலி மேற்குத் தொகுதியிலேயே தோற்றார். அவரை அங்கே வென்றவர் அன்றைய கல்வி அமைச்சர் கத்லீன் வின். பின்னாளில் ஒன்ராறியோவின் முதல்வராகி, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு கனடாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர் அவர். உயிரியல் பாடத்தின்மீதான சண்டையும் பாலியல் பாடத்தின்மீதான சண்டையும் இந்த மாகாணத்தில் ஒரே தொகுதியில், ஒரே மனிதரைச் சுற்றி வந்து நின்றன.

இரண்டாவது சண்டையின் வரலாறு இது. ஒன்ராறியோவின் பாலியல் பாடத்திட்டம் 1998இல் எழுதப்பட்டது. கூகுள் நிறுவனம் பிறந்த ஆண்டும் அதுவே. கைப்பேசிக் கமரா அப்போது கிடையாது. தன்பாலினத்தவர் திருமணம் சட்டமாவதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. 2010இல் அரசு அதைப் புதுப்பித்தது. ரொறன்ரோவிலிருந்த கனடா கிறிஸ்தவக் கல்லூரியின் தலைவர் சார்ள்ஸ் மக்வெற்றி முன்னின்று எதிர்க்க, முதல்வர் டால்ரன் மக்கின்ரி சில நாட்களுக்குள் பின்வாங்கினார். ஐந்து ஆண்டுகள் பிள்ளைகள் பழைய பாடத்தையே படித்தார்கள். 2015இல் கத்லீன் வின் அரசு புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலாம் வகுப்பில் பிறப்புறுப்புகள் உட்பட உடலுறுப்புகளின் சரியான பெயர்கள். மூன்றாம் வகுப்பில் குடும்பங்கள் பலவகை என்ற செய்தி. நான்காம் வகுப்பில் பருவமாற்றமும் இணையத்தில் எச்சரிக்கையாக இருப்பதும். ஏழாம் எட்டாம் வகுப்புகளில் நோய்த்தடுப்பு, கருத்தடை, சம்மதம். 2018இல் டக் ஃபோர்ட் ஆட்சிக்கு வந்த உடனேயே அதை நீக்கிப் பழைய பாடத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த செப்டெம்பரில் மாகாணம் முழுவதும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறி, ‘எங்கள் சம்மதம் இல்லை’ என்று முழங்கினார்கள். 2019 ஓகஸ்டில் ஃபோர்ட் அரசு தன் சொந்தப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. சில பாடங்களின் வகுப்பு மாறியிருந்தது. பாலின அடையாளம் எட்டாம் வகுப்புக்குத் தள்ளப்பட்டிருந்தது. மற்றபடி பெரும்பகுதி 2015ஆம் ஆண்டினதே. ஒழிப்பதாக வாக்களித்து வந்தவர்களாலும் அதை ஒழிக்க முடியவில்லை. அதன் இடத்தில் வைப்பதற்கு அவர்களிடம் வேறு உண்மை இருக்கவில்லை.

இந்தச் சண்டையின் மையம் எது என்பதைத் தோர்ன்கிளிஃப் பார்க்கில் பார்க்கலாம். வின்னின் தொகுதிக்குள்ளேயே அடங்கிய, அடுக்குமாடிகளில் குடியேறிகள் நெருங்கி வாழும் பகுதி அது. 2015 மே மாதத்தில் அங்குள்ள தொடக்கப்பள்ளியில் பெரும்பான்மையான பிள்ளைகளைப் பெற்றோர் வகுப்புக்கு அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி ஒரு சமரசத்துக்கு வந்தது: விரும்பும் பெற்றோரின் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உறுப்புகளின் பெயரைச் சொல்லாமல் ‘அந்தரங்கப் பகுதிகள்’ என்று மட்டும் கற்பிக்கப்பட்டது. அந்தப் பெற்றோரில் மிகப் பலர் முஸ்லிம்கள். அப்படியிருக்கக் கிறிஸ்தவ அடிப்படைவாதத்தை மட்டும் ஏன் பேசுகிறாய் என்று கேட்பது நியாயம். அச்சம் எல்லா மதங்களுக்கும் பொது. அதை இயக்கமாக்கி, முதல்வரைப் பின்வாங்கவைத்து, கட்சித் தலைமைப் போட்டியின் முழக்கமாக்கும் வலிமை இந்த மாகாணத்தில் கிறிஸ்தவ வலதுசாரியிடம்தான் இருந்தது. மற்ற மதத்தினர் அவர்கள் போட்ட பாதையில் நடந்தார்கள். அந்தச் சமரசத்தின் விலை என்ன? ஆறு வயதுக் குழந்தை ஆசிரியரிடம் வந்து ‘அங்கே வலிக்குது’ என்கிறது. அங்கே என்றால் எங்கே? வயிறா, தொடையா? குழந்தை தலையைக் குனிந்துகொள்கிறது. ஆசிரியர் வயிற்றுவலி என்று எண்ணித் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறார். உறுப்பின் பெயரைத் தெரிந்த குழந்தை ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடும். வைத்தியரும் பொலிசும் நீதிமன்றமும் அதைப் புரிந்துகொள்ளும். குழந்தைகளைத் துன்புறுத்துபவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர்கள். குழந்தையின் வாயில் சொல் இல்லாமையே அவர்களுக்குப் பாதுகாப்பு. பெயர் சொல்லிக்கொடுத்தால் குழந்தைமை கெடும் என்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். பெயர் தெரிவதால் எந்தக் குழந்தையும் கெட்டதில்லை. பெயர் தெரியாததால் கெடுக்கப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள்.

‘கற்பித்தால் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள், திருமணம் வரை அடக்கத்தை மட்டும் போதியுங்கள்’ என்பது அடுத்த வாதம். இதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கா பெருந்தொகை செலவிட்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அடக்கத்தை மட்டும் போதிக்கும் திட்டங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. அமெரிக்கப் பேரவையே பணித்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. நான்கு திட்டங்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். போதனை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் முதல் உடலுறவு நிகழ்ந்த சராசரி வயது ஒன்றே: 14.9. தென் பாப்டிஸ்டுகள் 1993இல் தொடங்கிய கன்னிமை உறுதிமொழி இயக்கத்தையும் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2009இல் ஜேனட் ரோசன்பாம் வெளியிட்ட ஆய்வில், ஐந்து ஆண்டுகள் கழித்து உறுதிமொழி எடுத்தவர்களின் பாலுறவு வாழ்க்கை எடுக்காதவர்களுடையதைப் போலவே இருந்தது. ஒன்றில் மட்டும் வேறுபாடு: உறுதிமொழி எடுத்தவர்கள் ஆணுறையும் கருத்தடையும் பயன்படுத்துவது குறைவு. அவர்களில் நூற்றுக்கு 82 பேர் அப்படி ஓர் உறுதிமொழியே எடுக்கவில்லை என்றார்கள். ஆசையை அந்தப் போதனையால் நிறுத்த முடியவில்லை. ஆசையோடு வரவேண்டிய அறிவை மட்டும் அது நிறுத்தியது. அதே தென் பாப்டிஸ்ட் சபைகளில் இருபது ஆண்டுகளில் 700க்கு மேற்பட்டோர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதை 2019இல் இரண்டு டெக்சாஸ் நாளிதழ்கள் வெளிக்கொணர்ந்தன. குற்றம் சாட்டப்பட்டோரின் பட்டியலை நிர்வாகம் இரகசியமாக வைத்திருந்தது 2022 விசாரணையில் தெரியவந்தது. பிள்ளைகளிடம் தூய்மைக்குக் கையெழுத்து வாங்கிய சபை, அந்தப் பிள்ளைகளைக் காக்கவேண்டிய பட்டியலைப் பூட்டி வைத்திருந்தது. பேசக் கூடாது என்ற ஒழுக்கம் யாருக்குத் துணைபோகும் என்பதற்கு இதுவே சாட்சி.

பெற்றோரின் உரிமை என்ற வாதமே எதிர்த்தரப்பின் வலிய வாதம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளையைத் தம் நம்பிக்கையில் வளர்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கோயிலுக்கு அழைத்துப் போகலாம், செபம் சொல்லிக்கொடுக்கலாம், திருமணத்துக்கு முன் உறவு பாவம் என்று போதிக்கலாம். அரசு அதில் தலையிடக் கூடாது. தலையிட்டால் நானும் எதிர்ப்பேன். ஆனால் அந்த உரிமை, உலகில் வேறு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உண்மையையே பிள்ளையிடமிருந்து மறைக்கும் உரிமையாக விரியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரே நகரில், இரண்டு தாயோ இரண்டு தந்தையோ உள்ள குடும்பங்களைக் காட்டும் மூன்று படப்புத்தகங்களைப் பாலர் வகுப்பில் பயன்படுத்தப் பள்ளிச் சபை மறுத்தது. 2002இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை. தன் வீட்டிலிருந்து வேறுபட்ட வீடுகளைச் சந்திப்பது வளர்வதின் ஒரு பகுதி. சகிப்பைக் கற்க எந்த வயதும் சிறுவயது அல்ல என்பது அதன் சாரம். கியூபெக்கில் எல்லா மதங்களையும் அறிமுகப்படுத்தும் கட்டாயப் பாடத்திலிருந்து தம் பிள்ளைகளை விலக்கக் கோரிய கத்தோலிக்கப் பெற்றோருக்கும் 2012இல் அதே நீதிமன்றம் இசையவில்லை. பிறருடைய நம்பிக்கை இன்னது என்று கேட்பது ஒருவருடைய மத சுதந்திரத்தை மீறுவதாகாது. அறிவைத் தேடவும் பெறவும் குழந்தைக்கே உரிமை உண்டென்று சொல்லும் ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையைக் கனடா 1991இல் ஏற்றது. பிள்ளை பெற்றோரின் சொத்து அல்ல. நாளைக்குத் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கப்போகும் மனிதர்.

‘கடவுளை மறுத்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள்?’ என்றும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நாத்திகத்தைக் கொள்கையாகக் கொண்ட சோவியத் அரசு, ஸ்டாலின் காலத்தில், 1934இல் ஆண் தன்பாலுறவை மீண்டும் குற்றமாக்கியது. ருமேனியாவில் சவுசெஸ்குவின் அரசு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்து பெண்களின் கருப்பையைக் கணக்கெடுக்க, கள்ளத்தனமான கருக்கலைப்புகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டார்கள். கடவுள் இல்லை என்பதால் மட்டும் ஒருவர் விடுதலையின் பக்கம் வந்துவிடுவதில்லை. பிறர் உடல்மீது கேள்விக்கு அப்பாற்பட்ட அதிகாரம் தனக்கு உண்டு என்று நினைப்பவர் யாரானாலும் அவர் ஒரு வேதத்தைக் கையில் வைத்திருக்கிறார். அதன் அட்டை சிவப்பாகவும் இருக்கலாம். தமிழில் நாத்திகம் வேறு வழியில் போயிருக்கிறது என்பது நமக்குப் பெருமை. கருத்தடையைக் குடும்பத்தின் வறுமை தீரவும் நாட்டின் மக்கள்தொகை குறையவும் பரிந்துரைத்தவர்கள் இருந்த காலத்தில், பெரியார் அதைப் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். 1934இல் வெளிவந்த ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அந்த வாதம் இருக்கிறது. திருமணத்துக்குள்ளும் செயற்கைக் கருத்தடை பாவம் என்று 1930இல் போப்பாண்டவர் சுற்றுமடல் விடுத்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கனடாவில் கருத்தடைச் சாதனம் சட்டப்படி விற்கப்பட 1969 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இனி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கேட்கக்கூடிய, எனக்கும் கனமாகப்படுகிற கேள்வி. நமக்குப் பள்ளி தந்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லவா? ஆம். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பள்ளி. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்றிருந்த காலத்தில் அந்தப் பள்ளி திறந்தது. அதை மறுப்பவர் நன்றி மறந்தவர். ஆனால் அந்த வரலாற்றையே கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவர்களோடு உட்கார்ந்து கலைச்சொற்களை உருவாக்கினார். 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ வந்தது; 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வந்தது. மனித உடலின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும், கருப்பைக்கும் பிறப்புறுப்புக்கும்கூட, தமிழில் அச்சில் பெயர் தந்தவர் ஆழ்ந்த நம்பிக்கையுள்ள ஒரு கிறிஸ்தவர். பிரசவத்தில் சாகும் பெண்ணைக் காப்பாற்ற உறுப்பின் பெயர் தெரியவேண்டும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. இன்னொரு மிஷனரியையும் நினைக்கவேண்டும். வீரமாமுனிவர் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்தையும் பொருளையும் எடுத்துக்கொண்டு காமத்துப்பாலை விட்டுவிட்டார். இருவரும் தமிழை நேசித்தவர்கள். ஒருவர் உடலுக்குப் பெயர் தந்தார். மற்றவர் உடலைத் தாண்டிப் போனார். தொப்புளிலிருந்து முழங்காலுக்குத் தாவும் அதே தாவல். அடிப்படைவாதத்தை எதிர்ப்பது கிறிஸ்தவத்தை எதிர்ப்பதாகாது என்பதற்கு எனக்குக் கிறீனே போதும். நம்பிக்கை அறிவுக்குத் துணையாக வந்தபோது நாம் வாழ்ந்தோம். அறிவுக்குக் காவலாக வரும்போது கதவைத் திறக்கச் சொல்லவேண்டியிருக்கிறது.

பெயரை மறுப்பது மனிதரை மறுப்பதில் போய் முடியும். 2012இல் ஒன்ராறியோ அரசு, பள்ளிகளில் தன்பாலீர்ப்பு மாணவர்களும் அவர்களின் நண்பர்களும் சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கியபோது, அரசு நிதியில் இயங்கும் கத்தோலிக்கப் பள்ளிகளின் சார்பில் ஆயர்கள் கடுமையாக எதிர்த்தது அந்தச் சங்கத்தின் பெயரை. கத்தோலிக்கத் திருச்சபை பரிணாமத்தை ஏற்கிறது. அதை அடிப்படைவாதத்தோடு ஒன்றாகக் கட்டுவது சரியல்ல. ஆனாலும் பாலியல் என்று வந்ததும் இரண்டும் ஒரே இடத்தில் போய் நின்றன: கூடுங்கள், பெயர் மட்டும் சொல்லாதீர்கள். பெயர் சொல்லக்கூடாத பிள்ளை தன்னை ஒரு தவறாகவே எண்ணி வளரும். இதில் தமிழருக்கும் பங்கிருக்கிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365ஆம் பிரிவை 1883இல் எழுதியவர்கள் விக்டோரியா காலத்துப் பிரித்தானியர். அந்தச் சட்டத்தை நாம் நம் பண்பாடு என்று நம்பிக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்துவிட்டோம். 2016இல் தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ-ரூஜ் ரிவர் இடைத்தேர்தலில், பாலியல் பாடத்திட்டத்தைக் கைவிடுவோம் என்ற கடிதம் எதிர்க்கட்சித் தலைவர் பற்றிக் பிரவுண் பெயரில் வீடுவீடாகப் போயிற்று. சில நாட்களில் அவரே அது தவறு என்று எழுதவேண்டி வந்தது. குடியேறிகளின் வெட்கத்தை வாக்காக மாற்றலாம் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். காமத்துப்பாலும் அடங்கிய திருக்குறளைப் போற்றும் ஒரு சமூகத்தைப் பற்றி அப்படிக் கணக்குப் போட முடிந்ததே என்பதுதான் என் துக்கம்.

இன்றைய விதி இதுதான். 2019 பாடத்திட்டத்திலும் முதலாம் வகுப்பில் உறுப்புகளின் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பகுதியைக் கற்பிக்கத் தொடங்குவதற்குக் குறைந்தது 20 பள்ளி நாட்களுக்கு முன் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஓர் அறிவித்தல் வரும். பிள்ளையை விலக்கிக்கொள்ள விரும்பினால் நிரப்புவதற்கு ஒரு படிவமும் அதனுடன் இருக்கும். சபையில் யாரோ சொன்னார், கோயிலில் யாரோ சொன்னார், பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார் என்று அதில் ஒப்பமிடாதீர்கள். அறிவித்தலைக் கடைசி வரி வரை வாசியுங்கள். வாசித்துவிட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, கண், மூக்கு, காது என்று தொடங்கி, இம்முறை தாவாமல் எல்லாப் பெயர்களையும் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள்.